ஊர்விட்டு வந்தவருக்கு ஒரு டைரி: முதல் நோட்டு வாங்குவதிலிருந்து பெட்டி கட்டித் திரும்புவது வரை

2016 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கு வந்து இறங்கினேன். அந்த மாதம் எழுத ஆரம்பித்த டைரி இப்போது பதினோரு நோட்டுகளாக அலமாரியில் நிற்கிறது. முதல் நோட்டின் மூன்றாம் பக்கம் முழுக்க ஒரு இயந்திரத்தைப் பற்றியது. சூப்பர் மார்க்கெட் வாசலில் காலி பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளே தள்ளினால் கடகடவென்று நசுக்கிவிட்டுச் சீட்டுக் கொடுக்கும். பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இரண்டு பெரிய பைகள் நிறையக் கொண்டுவந்திருந்தார், சீட்டைக் கல்லாவில் நீட்டி ஒரு ரொட்டியும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு போனார் என்று எழுதியிருக்கிறேன். இப்போதும் வாரம் ஒருமுறை அதே இயந்திரத்தின் முன் நிற்கிறேன். எழுத எதுவுமே தோன்றுவதில்லை.

புது ஊரைப் பார்க்கிற கண் சீக்கிரம் பழகிவிடும். எனக்கு ஒரு வருடம்தான் தாங்கியது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஞாபகமும் அப்படியே கரைகிறது. எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடையின் கதவு என்ன நிறம் என்று மூன்றாம் வருடம் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் வந்த வாரமே எழுதத் தொடங்குங்கள் என்கிறேன். வந்து பல வருடம் ஆகிவிட்டதா? உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, நடுவில் சொல்கிறேன்.

முதலில் நோட்டும் பேனாவும்

ஏ5 அளவு, தைத்துக் கட்டிய நோட்டு, கோடு போட்டது. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். ஏ5 என்றால் 148 க்கு 210 மில்லிமீட்டர். கைப்பையிலும் போகும், தலையணைக்கு அடியிலும் போகும். இந்த ஏ4, ஏ5 கணக்கு உலகத்துக்கு வந்ததே ஜெர்மனியின் 1922-ஆம் வருடத் தர நிர்ணயத்திலிருந்துதான் என்று இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். கம்பிச் சுருள் நோட்டு வேண்டாம், நாலு வருடத்தில் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். தேதி அச்சிட்ட டைரியும் வேண்டாம். எழுதாத நாட்கள் வெள்ளையாக நின்று உங்களைக் கேள்வி கேட்கும். அதைப் பார்த்தே பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள்.

பேனா விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டாவது நோட்டை ஜெல் பேனாவில் எழுதினேன், கை வலிக்காமல் ஓடுகிறது என்று. ஒருநாள் பையில் தண்ணீர் பாட்டில் மூடி சரியாகத் திருகாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் 2017 பிப்ரவரி முழுவதும் ஊதாக் குளமாகக் கிடக்கிறது. வாசிக்க முடிந்தது பனி, பஸ், அம்மா என்று அங்கங்கே சில சொற்கள்தான். சாதாரண ஜெல் மை நீரில் கரையும். பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய் கலந்தது, நனைந்தாலும் நிற்கும். அன்றிலிருந்து பால்பாயின்ட்தான்.

எழுதும் நேரத்தை எதோடு கட்டுவது

‘தினமும் ராத்திரி எழுதுவேன்’ என்று உறுதி எடுத்தால் பத்து நாள் ஓடும். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டினால்தான் நிலைக்கும். எனக்கு அது குக்கர். என் வீட்டு மின் அடுப்பு மெதுவாகத்தான் சூடேறும். அரிசி வைத்து மூன்று விசில் வர இருபது நிமிடம் ஆகிறது. நோட்டு அடுப்படி மேசையில்தான் கிடக்கும். குக்கரை ஏற்றியதும் உட்காருவேன், மூன்றாவது விசிலில் எழுந்துவிடுவேன். பாதி வாக்கியத்தில் விட்டாலும் பரவாயில்லை. மறுநாள் அந்த மீதி வாக்கியமே கையைப் பிடித்து இழுக்கும்.

சமைக்காதவர்கள் ரயிலில் எழுதலாம், துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது எழுதலாம். ஊருக்குப் போன் பேசும் நேரத்தை மட்டும் தொடாதீர்கள். குளிர்காலத்தில் இந்தியா இங்கிருந்து நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, கோடையில் மூன்றரை. இங்கே ராத்திரி ஒன்பது ஆகும்போது அங்கே எல்லோரும் தூங்கியாயிற்று. போன் அடிக்காத அந்த நேரம் எழுத்துக்கு நல்லது.

என்ன எழுதுவது

நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘இன்று அலுவலகம் போனேன், குளிராக இருந்தது, ஊர் ஞாபகம் வந்தது’ என்று மூன்று மாதம் எழுதுவார்கள். பிறகு, எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறது, எழுத என்ன இருக்கிறது என்பார்கள். நாட்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெயரும் விலையும் மணியும் விட்டுப்போனால் அப்படித் தெரியும்.

தமிழில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 தொடங்கி 1761-ல் தாம் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தச் சரக்கு என்ன விலைக்குப் போனது என்று தேதியும் கிழமையும் போட்டுக் குறித்துவைத்தார். பெரிய உவமைகளுக்காக யாரும் அதைத் திறப்பதில்லை. இந்தத் தகவல்களுக்காகத்தான் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் அவரிடம் போகிறார்கள். உங்கள் டைரியைப் பின்னால் படிக்கப்போவது நீங்களோ உங்கள் பிள்ளையோதான். அவர்களும் தேடப்போவது இதையேதான்.

ஒரு நாளுக்கு ஒரு காட்சி போதும். யார் இருந்தார், என்ன சொன்னார், கையில் என்ன இருந்தது, என்ன விலை, என்ன வாசனை. என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்:

“2017 ஜனவரி 15, ஞாயிறு. மாட்டுப் பொங்கல். வெளியே மைனஸ் 2. காலை பத்து மணிக்கு ரசத்துக்கு மிளகும் சீரகமும் கல் உரலில் இடித்துக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுப் பாட்டி வந்து மணி அடித்தார். காலில் கம்பளிச் செருப்பு, மூக்குக் கண்ணாடி நெற்றிமேல். கோபமாகப் பேசவில்லை. ‘இன்று ஞாயிற்றுக்கிழமை’ என்று மட்டும் மெதுவாகச் சொன்னார், எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக. இங்கே ஞாயிறு அன்று சத்தம் கூடாதாம். மன்னிப்புக் கேட்டேன். போகத் திரும்பியவர் நின்று, இது என்ன வாசனை என்றார். மிளகுக்கு ஜெர்மனில் என்ன என்று எனக்குத் தெரியாது. இரண்டு மிளகை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். ஒன்றை எடுத்து முகர்ந்து ‘ப்ஃபெஃபர்’ என்றார்.”

எழுதப் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அந்தப் பாட்டி இப்போது இல்லை. இந்தப் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கண்ணாடி நெற்றிமேல் இருக்கிறது. ‘அண்டை வீட்டார் நல்லவர்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அவர் என்னிடமிருந்து மொத்தமாகவே போயிருப்பார்.

வந்து பல வருடம் ஆனவர்களுக்கு வழி இருக்கிறது என்றேனே, அது இதுதான். ஊரிலிருந்து யாராவது வரும்போது எழுதுங்கள். அம்மா முதல்முறை வந்தது 2018 ஜூனில். விசாவில் 90 நாள். வந்த மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் நின்று, “ஏன்டா, ஜன்னல்ல கம்பியே வைக்க மாட்டாங்களா?” என்றார். ராத்திரி ஒன்பதரைக்கு வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டு, விளக்கேற்றுவது எப்போது என்று தெரியாமல் குழம்பிப்போனார். ஜூனில் ஹாம்பர்க்கில் சூரியன் மறைய ஏறக்குறைய ஒன்பது ஐம்பது ஆகும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். எனக்கு அது பழகி வெகுநாள் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் அம்மா கேட்ட கேள்விகளை மட்டும் எழுதினேன். நாற்பது பக்கம் வந்தது, என் நோட்டுகளிலேயே நல்ல பக்கங்கள் அவைதான்.

எந்த மொழியில்

தமிழில்தான். பகல் முழுக்க ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ பேசி எழுதுகிறவருக்குத் தமிழில் யோசிக்க வேறு இடம் இல்லை. முதல் வாரம் கை தடுமாறும், ஒற்று விட்டுப்போகும். போகட்டும், யாரும் திருத்த வரப்போவதில்லை. அந்த ஊர்ச் சொற்களைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் அர்த்தம் எழுதுங்கள். பாட்டில் காசுக்கு இங்கே ‘ப்ஃபான்ட்’ என்பார்கள். முதல் நோட்டில் அதை ‘பண்ட்’ என்று எழுதியிருக்கிறேன். அப்போது என் காதில் அப்படித்தான் விழுந்தது, திருத்தாமல் விட்டுவிட்டேன்.

கையால் எழுத வராது, போனில்தான் வரும் என்றால் அதுவும் சரி. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற செயலியைப் போட்டுக்கொள்ளலாம். அதை உருவாக்கியவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 முறையை ஒரு வாரம் பொறுமையாகப் பழகினால் வேகம் தானாக வரும். நடந்துகொண்டே குரலில் சொல்லியும் எழுதலாம், கூகுள் விசைப்பலகைக்குத் தமிழ் கேட்கத் தெரியும். ஆனால் குரலில் சொன்னதை அன்றே ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது என்ன என்று உங்களுக்கே புரியாது.

அலுவலகம் கொடுத்த போனிலோ கணினியிலோ ஒரு வரிகூட எழுத வேண்டாம். வேலையை விடும் அன்றே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள்

ஒவ்வொரு நோட்டிலும் கடைசி எட்டுப் பக்கத்தை ஒதுக்கிவிடுங்கள். டைரி உங்களுக்கு நேரடியாகப் பணமும் நேரமும் மிச்சம் பிடித்துத் தருவது இந்தப் பக்கங்களால்தான்.

முதல் இரண்டு பக்கம் பயணத் தேதிகள். நாட்டை விட்டு வெளியே போன நாள், திரும்பிய நாள், விமான எண், எதற்காகப் போனது. இது எதற்கு என்று இப்போது தோன்றும். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் பொதுவாகக் கடந்த 5 வருட வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். கனடாவில் 5 வருடத்தில் 1,095 நாள் நாட்டுக்குள் இருந்ததைக் காட்ட வேண்டும். பிரிட்டனில் வேலை விசா வழியாக நிரந்தரக் குடியிருப்புக்குப் போகிறவர் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் சாதாரண வதிவிட அனுமதி உள்ளவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அனுமதியே பறிபோகலாம். இந்தியாவில் வருமான வரிக்கு நீங்கள் உள்ளூர்வாசியா இல்லையா என்று பார்க்கும் கணக்கும் 182 நாளில்தான் தொடங்குகிறது. பாஸ்போர்ட் முத்திரையை நம்பி இருந்துவிடாதீர்கள். பாதி மங்கியிருக்கும், பல இடங்களில் முத்திரையே போடுவதில்லை.

அடுத்த இரண்டு பக்கம் விலைகள். வருடத்தில் இரண்டு முறை, தை முதல் நாளும் ஆடி முதல் நாளும், ஒரே பத்துப் பொருளின் விலையை எழுதுகிறேன்: அரிசி, பால், முட்டை, ஆசியக் கடைத் தேங்காய், கறிவேப்பிலைப் பொட்டலம், வீட்டு வாடகை, ரயில் சீட்டு, இப்படி. நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் செல்லும் மாதச் சீட்டு 2023 மே மாதம் வந்தபோது 49 யூரோ, 2025 ஜனவரியில் 58 ஆகிவிட்டது. இரண்டு வரிதான், அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்று என் நோட்டில் அதுவே சொல்கிறது.

மீதிப் பக்கங்களுக்கு நான் ‘வீட்டுச் சொற்கள்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் போனில் பேசும்போது, அட, இந்த வார்த்தையை நான் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று என்று தோன்றுபவை. முறம், பரண், தாவாரம், நமுத்துப்போச்சு, வெடுக்குன்னு. ஒன்பதாவது நோட்டில் ‘அரக்கப்பரக்க’ இருக்கிறது. என் மகள் இப்போது அதை ஜெர்மன் வாக்கியத்துக்கு நடுவில் போட்டுப் பேசுகிறாள்.

ரசீதுகளை ஒட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கடை ரசீது பெரும்பாலும் சூட்டில் கறுக்கும் தாளில் வருகிறது, அதில் மையே கிடையாது. இரண்டு மூன்று வருடத்தில் வெறும் தாளாகிவிடும். ஒட்டிய அன்றே கடைப் பெயரையும் தொகையையும் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். எனக்கு 2020-ல் ஏழு வாரம் விட்டுப்போனது. அப்போது செய்யக்கூடாத வேலை, விட்டுப்போன நாட்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி நிரப்ப உட்காருவது. மூன்றாம் நாள் அலுத்துப்போய் மொத்தமாக மூடிவிடுவீர்கள். அதற்குப் பதில் புதுப் பக்கத்தில் ‘இடைவெளி’ என்று எழுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போடுங்கள். நடந்தவற்றில் ஞாபகம் இருக்கும் ஐந்தை ஐந்து வரியில் எழுதுங்கள். கோடு போடுங்கள். அப்புறம் இன்றைய நாளை எழுதுங்கள்.

கனத்த நாட்கள்

ஊரில் சாவு விழுந்து, போக முடியாமல் இங்கே நிற்கும் நாள் பெரும்பாலும் எல்லோருக்கும் வருகிறது. எனக்கு 2019 ஏப்ரலில் வந்தது. அப்பாயி, அப்பாவின் அம்மா, போய்விட்டார். காலை 5.40-க்கு அண்ணன் கூப்பிட்டான், ஊரில் அப்போது 9.10. மாலை நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்றான். எந்த விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகக் கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்த்தேன். யாரோ போனைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டே இருந்தது. பறைச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

அன்று ராத்திரி என்ன உணர்ந்தேன் என்று எழுத முயன்றேன், வரவில்லை. நடந்ததை மட்டும் மணிவாரியாக எழுதினேன்: யார் போன் செய்தார், என்ன சொன்னார், நான் எங்கே நின்றேன், அறையில் வெள்ளைப் பலகையில் என்ன எழுதியிருந்தது. ஒன்றரைப் பக்கம். அதுதான் முடிந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அந்தப் பக்கத்தை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். “நீ இங்க இருந்த மாதிரியே இருக்குடா” என்றான். உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் அன்றே எழுதுங்கள், மணியோடு எழுதுங்கள். வருத்தத்தைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்த அறையில் என்ன இருந்தது என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

மாதம் ஒரு கடிதம்

டைரி உங்களுக்கு மட்டும். ஆனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஒரு காட்சியை எடுத்து, ஒன்றிரண்டு பக்கக் கடிதமாக எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். மாதக் கடைசியில் கடிதம் போக வேண்டும் என்று இருந்தால் வாரத்தில் நாலு நாளாவது நோட்டைத் தொடுவீர்கள். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் போதும். கையெழுத்தாகவே அனுப்புங்கள், அச்செழுத்தைவிட அதைத்தான் வீட்டில் விரும்புகிறார்கள். அப்பா எல்லாவற்றையும் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். இங்கே ஜெர்மனியில் ஹாம் என்னும் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேர்த்திருவிழா பற்றி எழுதிய கடிதத்தைத் தெருவில் மூன்று வீட்டுக்குப் படித்துக் காட்டினாராம். ஈழத்திலிருந்து வந்தவர்கள் தொழிற்பேட்டை நடுவில் ராஜகோபுரத்தோடு கோயில் எழுப்பி 2002-ல் குடமுழுக்குச் செய்திருக்கிறார்கள் என்பதை யாரும் நம்பவில்லையாம். அடுத்த கடிதத்தில் படம் வைத்து அனுப்பினேன்.

யார் கண்ணில் படலாம், எப்படிக் காப்பது

வெளிநாட்டில் தமிழில் எழுதினால் யாருக்கும் புரியாது என்று நினைக்க வேண்டாம். அறையைப் பகிர்ந்து இருக்கும் நண்பர் நம் ஊர்க்காரராகவே இருப்பார். வளைகுடாவில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கும் என் மைத்துனர் நோட்டை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் திறந்தே வைத்திருந்தார். அதில் ஒருவரைப் பற்றி எழுதிய நாலு வரியால் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பூட்டுள்ள பெட்டி வேண்டும். மற்றவரின் கடன், வீட்டுச் சண்டை, விசா சிக்கல் இவற்றை எழுதத்தான் வேண்டும் என்றால் பெயரை விட்டு எழுதுங்கள்.

நோட்டு நிரம்பிய வாரமே எல்லாப் பக்கத்தையும் போனில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். கோப்பின் பெயரில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இருக்கட்டும். ஒரு பிரதி மேகச் சேமிப்பில், ஒரு பிரதி ஊரில் உடன்பிறந்தவரிடம் பென் டிரைவில். கூகுள் கணக்கில் போட்டால் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள். இரண்டு வருடம் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை அழிக்க அவர்களின் விதி இடம் தருகிறது.

நோட்டுகள் நிற்கும் அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் அந்தச் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், தரையில் வேண்டாம்.

ஊருக்கே திரும்பும் நாள் வந்தால் நோட்டுகளைக் கப்பலில் அனுப்பும் பெட்டியிலும் போட வேண்டாம், விமானத்தில் எடை போட்டு அனுப்பும் பெட்டியிலும் போட வேண்டாம். தோள் பையில் வைத்துக் கையோடு எடுத்துப் போங்கள். என் பதினோரு நோட்டும் சேர்ந்து மூன்று கிலோ எண்ணூறு கிராம் இருக்கிறது. போன வாரம் காய்கறித் தராசில் வைத்துப் பார்த்தேன்.